தாழ் போட்ட கதவும் இரண்டு பென்ஷனும்

கீழப்பட்டு, நகரி மண்டலம்
9-7-2023, ஞாயிறு

செங்கம்மாவுக்கு கோவர்த்தனன் எழுதிக்கொள்வது.

எழுத்து ஒன்று மேட்டில் நிற்கும், ஒன்று பள்ளத்தில் நிற்கும். புதிதாக ஏர் பிடித்தவன் ஓட்டிய சால் மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள். வியாழக்கிழமை ஆரம்பித்து இன்றுதான் முடிக்கிறேன். நடுவில் கை வலி எடுத்ததால் ஒரு நாள் எழுதவில்லை.

இதை நான்தான் எழுதுகிறேன். யாரையும் வைத்து எழுதவில்லை. எழுபத்தோரு வயசில் எனக்கு எழுத்து வந்துவிட்டது.

எப்படி வந்தது என்று சொல்கிறேன். பங்குனி மாசம் பென்ஷன் கொண்டுவந்த வாலண்டியர் வரலட்சுமி, பக்கத்து வீட்டு மருமகள்தான், மிஷினை நீட்டினாள். என் கட்டைவிரல் விழவில்லை. துடைத்து வைத்தேன், தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன், விழவில்லை. "மாமா, உன் வெரலு வழவழன்னு கீது, ரேகையெல்லாம் கடப்பாரை துன்னுட்சி" என்றாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. கையெழுத்துப் போடத் தெரிந்தவனுக்குக் கட்டைவிரல் எதற்கு என்று யோசித்தேன். அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய் எழுத்துச் சொல்லிக்கொடு என்றேன். அவள் பள்ளிப்பட்டுப் பெண், தமிழ் நன்றாகத் தெரியும். மூன்று மாசம் பலகையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

இந்த மாசம் முதல் தேதி அவள் வந்ததும், மிஷினை வெளியே எடுக்காதே, பேனாவை எடு என்றேன். அவள் சிரித்துச் சிரித்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மிஷினுக்குக் கையெழுத்து தெரியாதாம். கண்ணைக் காட்டச் சொல்லிப் படம் பிடித்துக் காசைக் கொடுத்தாள். அந்தக் கண் மிஷின் பங்குனியிலேயே இருந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

போகட்டும். எழுத்து வந்துவிட்டது. அதை யாரும் திருப்பி வாங்க முடியாது. பஸ் போர்டு படிக்கிறேன். சோப்பு உறை படிக்கிறேன். உன் மாத்திரை அட்டை ஒன்று பரணில் கிடந்தது, அதன் மேல் நீ எழுதி வைத்திருந்த "காலை, ராத்திரி" என்பதைப் படித்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பென்ஷன்தான் வரும், கார்டைப் பிரித்தால் உனக்கும் தனியாக வரும் என்று நெட் சென்டர் ஹேமநாத் சொன்னான். புருஷனை விட்டுப் பிரிந்தவள் என்று எழுதினால் கார்டைப் பிரிக்கலாம் என்றான். அவன் நீட்டிய இடத்தில் நான் கட்டைவிரல் வைத்தேன். விசாரணைக்கு வருவார்கள், அதுவரை மூன்று மாசம் திருச்சானூரில் உன் தங்கச்சி பொன்னியம்மா வீட்டில் இரு என்பதுதான் பேச்சு. உனக்குப் பென்ஷன் வந்து ஆறு மாசம் ஆகிறது. நீ வரவில்லை. போன் போட்டால் உன் தங்கச்சி எடுத்து, அக்கா குளிக்கிறாள் என்கிறாள். எத்தனை தடவை குளிப்பாய்?

மேலத்தெரு பால்காரர் திருமலைக்குப் போய் வந்தார். உன்னை ஷேர் ஆட்டோவில் பார்த்தாராம். புதுச் செருப்பு, மூக்குக் கண்ணாடி. பக்கத்தில் இருந்தவரிடம் பேசிச் சிரித்துக்கொண்டு போனாயாம். யார் அது? நம் வீட்டில் நீ சிரித்து நான் பார்த்ததில்லை.

பதில் எழுது. மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் படித்துவிடுவேன்.

கோவர்த்தனன்


திருச்சானூர்
16-7-2023

இதை எழுதுகிறவருக்கு,

என் வீட்டுக்காரர் பெயரைப் போட்டு ஒரு கடிதம் வந்தது. பார்த்தேன். என் வீட்டுக்காரரோடு நான் குடும்பம் நடத்தியது நாற்பது வருஷத்துக்கு மேல். பேனாவை அவர் பிடித்து நான் பார்த்தது ஒரே தடவை, அதுவும் காது குடைய.

சாயி, பெற்ற பிள்ளை நீயே இதை எழுதியிருந்தால் அம்மாவிடம் நேராகக் கேள். பைக்குக்கு முன்பணம் வேண்டும் என்று நைனாவிடம் கேட்டாய், அவர் கொடுத்தார். அது போதாமல் என் பென்ஷனையும் வாங்க இந்த வழி கண்டுபிடித்தாயா? ஶ்ரீசிட்டியில் ஏசி ரூமில் வேலை பார்க்கிற பிள்ளைக்கு வேண்டுமென்றே எழுத்தைக் கோணலாக எழுத எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்.

இல்லை, ஹேமநாத்தாக இருந்தால், உனக்குக் கொடுக்க வேண்டியதை அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.

இரண்டு பேரும் இல்லை, அவரேதான் என்றால், ஒரு கேள்விக்குப் பதில் வரட்டும். எங்கள் பிள்ளைக்கு நாலு வயசு. ஆடி மாசம். வயலில் போட்ட இரண்டாவது போரிலும் தண்ணீர் வரவில்லை. மறுநாள் மத்தியானம் கொட்டுகிற மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் புத்தூரில் அண்ணன் வீட்டுக்கு நடந்தேன். ஏன் நடந்தேன்? பிள்ளைக்கு அது ஞாபகம் இருக்காது. எனக்கும் அவருக்கும்தான் தெரியும்.

செருப்பு என் காசில் வாங்கியது. கண்ணாடியும்.

செங்கம்மா


கீழப்பட்டு
23-7-2023, ஞாயிறு

செங்கம்மாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் படித்தேன். முதல் நாள் சந்தோஷமாக இருந்தது. எனக்கு வந்த முதல் கடிதம் என்று தபால்காரரிடம் காட்டினேன். இந்த ஊருக்கு நான் பேங்க் நோட்டீஸ்தான் கொண்டுவருவேன், சொந்தக் கடிதம் கொடுத்து வருஷக்கணக்காச்சு என்றார். இரண்டாம் நாள்தான் நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று புரிந்தது. பிறகு யாருக்கும் காட்டவில்லை.

உன் கேள்விக்குப் பதில். உன் அண்ணன் மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். போர் பொய்த்துப் போன நேரத்தில் சீர் செய்யக் காசு இல்லை, போகவேண்டாம் என்று நான் சொன்னேன். நீ கோபித்துக்கொண்டு பிள்ளையோடு மழையில் போய்விட்டாய். நாலு மாசம் வரவில்லை. இது ஊருக்கே தெரிந்த கதை. இதைப் போய்ப் பெரிய ரகசியம் மாதிரி கேட்கிறாய்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். நான் வேர்க்கடலை பறிக்கக் கூலிக்குப் போவதை விட்டுவிட்டேன். முதல் தேதி விடிவதற்குள் காசு வாசலுக்கு வருகிறது, குனிந்து பறிப்பானேன்? காஸ் சிலிண்டர் தீர்ந்தால் உடனே மாற்றுகிறேன். முன்னே சிலிண்டர் தீர்ந்து மூலையில் மாசக்கணக்கில் நிற்கும், நீ விறகுக்குப் போவாய். இப்போது காலையில் ஒரு முட்டை வேக வைத்துத் தின்கிறேன். இரண்டாம் தேதி ஊர் முழுக்கக் கறி வாசனை. டீக்கடைக்காரன் கடன் இல்லை என்று எழுதி ஒட்டியிருந்த அட்டையைக் கிழித்துவிட்டான். ஏழாம் தேதிக்கு மேல் மறுபடியும் ஒட்டுகிறான்.

ஆனால் ஒன்று. காசு வந்த பிறகு ஊரில் யாரும் யாரையும் நம்புவதில்லை. இவனுக்கு நிலம் இருக்கிறதே எப்படி வந்தது, அவளுக்கு வயசு ஆகவில்லையே எப்படி வந்தது என்று புகைச்சல். முன்னே சாயி பொங்கலுக்குத்தான் வருவான். இப்போது முதல் தேதியை ஒட்டி வருகிறான். வந்தால் என் கண்ணைப் பார்ப்பதற்கு முன்னே சட்டைப் பையைப் பார்க்கிறான். எனக்கும் அந்தக் குணம் ஒட்டிக்கொண்டது. எதைப் பார்த்தாலும் இதன் பின்னால் யார் என்று தோன்றுகிறது.

நெட் சென்டருக்குப் போனேன். நான் கட்டைவிரல் வைத்த காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று ஹேமநாத்தைக் கேட்டேன். அவன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "அத்த உங்க வூட்டம்மாவைக் கேளு பெரியவரே, நான் டைப் அடிச்சவன்தான்" என்றான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என்ன எழுதினீர்கள் நீங்கள் எல்லாரும்? உன் தங்கச்சிக்கும் இதில் பங்கு உண்டா? அவள் புருஷன் செத்த நாளிலிருந்து உன்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தது யார் என்று நீ இன்னும் சொல்லவில்லை.

கோவர்த்தனன்


திருச்சானூர்
4-8-2023

சாயியின் நைனாவுக்கு செங்கம்மா எழுதுவது.

இது நீங்கள்தான். இனிமேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

சரியான பதில் வந்திருந்தால் இதை வேறு யாரோ எழுதுகிறார்கள் என்று கிழித்துப் போட்டிருப்பேன். அண்ணன் மகளுக்குச் சடங்கு என்று எழுதினீர்கள். அந்தப் பெண்ணுக்கு அப்போது ஆறு வயசு. அந்தப் பொய்யைச் சொல்ல உலகத்தில் ஒருவர்தான் உண்டு. இருபத்து நாலு வருஷமாக ஒரு வார்த்தை மாறாமல் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ஊருக்குத் தெரிந்த கதை என்கிறீர்களே, ஊருக்குச் சொன்னது யார்?

எழுத்துக் கற்றுக்கொண்டதற்குச் சந்தோஷம். நிஜமாகவே சொல்கிறேன். முதல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். மாத்திரை அட்டையைப் படித்தேன் என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன்.

இங்கே நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. யாரோடு இருக்கிறேன் என்றுதான் கேட்டீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். பொன்னியம்மா வீடு ஒரே அறை, ஒரு லாட்ஜுக்குப் பின்னால். காலையில் இரண்டு பேரும் அம்மன் கோயில் பக்கம் ஒரு கடைக்கு மஞ்சள், குங்குமம் பொட்டலம் கட்டுகிறோம். மத்தியானத்துக்கு மேல் எனக்கு வேலை இல்லை. என் வாழ்க்கையில் மத்தியானம் என்று ஒன்று இருப்பதே இங்கே வந்துதான் தெரிந்தது.

முதல் தேதி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு என் கையில் இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது கொடுத்தார்கள். முதல் மாசம் அதை என்ன செய்வது என்றே தெரியவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு ஒரு நாள் முழுக்கத் திரிந்தேன். யாரையாவது கேட்கவேண்டுமே என்று தோன்றியது. கேட்க யாரும் இல்லை. இரண்டாம் மாசம் கண்ணாடி வாங்கினேன். மூன்றாம் மாசம் முட்டிக்கு டாக்டரிடம் போனேன். உங்களிடம் நாலு வருஷம் சொன்ன முட்டிவலி அவர் கொடுத்த மாத்திரைக்கு இருபது நாளில் கேட்டது.

ஷேர் ஆட்டோவில் பத்துப் பேர் ஏறுவார்கள். பேரும் ஊரும் விசாரித்துக்கொண்டா உட்காருகிறோம்? பக்கத்தில் இருந்தது ஆணா பெண்ணா என்றே எனக்கு ஞாபகம் இல்லை. சிரித்தது ஞாபகம் இருக்கிறது. டிரைவர் பிரேக் போட்டதில் ஒரு அம்மாவின் லட்டுப் பொட்டலம் என் மடியில் விழுந்தது. நான் திருப்பிக் கொடுத்தேன். உங்களுக்கே உண்டானது என்று அவள் ஒன்றை என் கையில் வைத்தாள். அதற்குச் சிரித்தேன்.

போனில் பொன்னியம்மா தானாகப் பொய் சொல்லவில்லை. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். எழுத்துத்தான் வந்துவிட்டதே. ஒரு நாள் நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

எப்போது வருவாய் என்று கேட்டால் இப்போது சொல்லமுடியாது.

செங்கம்மா


கீழப்பட்டு
13-8-2023, ஞாயிறு

செங்கம்மாவுக்கு,

உனக்கு மத்தியானம் கிடைத்துவிட்டது. நல்லது. எனக்கு இங்கே மத்தியானம், சாயங்காலம் எல்லாம் ஒரே களிதான். அதுவும் அடி பிடித்த களி.

எப்போது வருவாய் என்று சொல்லமுடியாது என்கிறாய். காசு கையில் இருக்கிற திமிர். அந்தக் காசை வாங்கிக்கொடுத்ததே நான்தான். என் கட்டைவிரல் இல்லாமல் உனக்கு அது வந்திருக்குமா? பொய்யாகப் பிரியலாம் என்று போனவள் நிஜமாகப் பிரிந்துவிட்டாய். ஊரில் கேட்கிறார்கள். என்ன சொல்ல?

கொடுக்கிற கைக்கு நிறுத்தவும் தெரியும். இதற்கு மேல் நான் எழுதவில்லை. எனக்கு வேறு ஒரு இடத்துக்கும் எழுத வேண்டியிருக்கிறது.

கோவர்த்தனன்


திருச்சானூர்
3-9-2023

சாயி நைனாவுக்கு,

பென்ஷன் விசாரணைக்கு நேற்று ஒரு அம்மா வந்தார்கள். நாங்கள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்துவிட்டார்கள். உன் மேல் ஒரு மனு வந்திருக்கிறது என்றார்கள். மொட்டை மனு, பேர் இல்லை. அது தமிழில் இருந்தது. அந்த அம்மாவுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. "நுவ்வே சதுவம்மா, நீயே படி" என்று என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மடிப்பைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. ஒரு எழுத்து மேட்டில், ஒரு எழுத்து பள்ளத்தில். என் டிரங்குப் பெட்டியில் இதே கையெழுத்தில் மூன்று கடிதம் இருக்கிறது.

என் மேல் எழுதிய மனுவை நானே சத்தமாகப் படித்தேன். பொன்னியம்மா கேட்டுக்கொண்டிருந்தாள், கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். செங்கம்மா என்பவள் புருஷனை விட்டுப் பிரியவில்லை, இரண்டு பேரும் கூடத்தான் இருக்கிறார்கள், பொய் சொல்லிப் பென்ஷன் வாங்குகிறாள், உடனே நிறுத்தவும். ஒரு வார்த்தையைக்கூட விடாமல் படித்தேன்.

யாருடைய எழுத்து என்று தெரிகிறதா என்று கேட்டார்கள். தெரியாது என்று சொன்னேன். பொன்னியம்மா என்னைப் பார்த்தாள். தனக்கும் தெரியாது என்றாள்.

உங்களுக்கு எழுத்து வந்தபோது யாராலும் அதைத் திருப்பி வாங்க முடியாது என்று எழுதினீர்கள். அதில் முதல் வேலையாக இதைச் செய்திருக்கிறீர்கள். மாத்திரை அட்டையைப் படித்த மனுஷனும் இதை எழுதிய மனுஷனும் ஒருவர்தானா என்று இப்போது நான் கேட்கிறேன். இந்தத் தடவை கேள்வி வைத்துச் சோதிக்கப் போவதில்லை.

அடுத்து உங்களிடம் வருவார்களாம். என் விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் என் காசு நிற்கும். சொல்லுங்கள். அப்படி நின்றாலும் நான் அங்கே வருவேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பொட்டலம் கட்டினால் சோறு கிடைக்கும். மாத்திரைக்குத்தான் போதாது.

இனிமேல் எழுதாதீர்கள்.

செங்கம்மா


கீழப்பட்டு
17-9-2023, ஞாயிறு

செங்கம்மாவுக்கு,

எழுதாதே என்றாய். நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை அந்த அம்மா வந்தார்கள். வரலட்சுமியும் கூட வந்தாள். மனுவைக் காட்டி, இது யார் எழுதியது தெரியுமா என்றார்கள். நீ தெரியாது என்று சொன்னதை நான் கடிதத்தில் படித்திருந்தேன். நானும் அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் வரலட்சுமி அதைப் பார்த்துவிட்டாள். அவள் சொல்லிக்கொடுத்த எழுத்து. அவள் முகம் செத்துப்போய்விட்டது. நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. களைத்துப் போய் இருந்தார்கள். அன்றைக்கு எட்டு வீட்டு விசாரணையாம். "புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு கவர்மெண்டை இழுக்காத பெரியவரே. பிரிஞ்சிருக்கீங்களா இல்லையா, ஒண்ணு சொல்லு" என்றார்கள். பையிலிருந்து உன் விண்ணப்பத்தை எடுத்தார்கள். மேலே தெலுங்கில் டைப் அடித்த காகிதம், என் கட்டைவிரல் கறுப்பாகத் தெரிந்தது. அதில் எழுதியிருப்பது நிஜம் என்றால் கீழே இன்னொரு தடவை கட்டைவிரல் வை, இல்லையென்றால் வேண்டாம், நான் போய் நிறுத்தச் சொல்லிவிடுகிறேன் என்று மைப்பெட்டியைத் திறந்து வைத்தார்கள்.

அடியில் இன்னொரு காகிதம் பின் போட்டிருந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள். தமிழ். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் எழுத்து உனக்குத் தெரிந்த மாதிரி உன் எழுத்தும் எனக்குத் தெரியும். உன் கடிதம் மூன்றையும் எத்தனை தடவை படித்திருக்கிறேன். ஹேமநாத் இட்டுக்கட்டி எழுதினான் என்று இத்தனை மாசம் அவன் மேல் ஆத்திரப்பட்டுக்கொண்டிருந்தேன். அவன் நீ எழுதிக்கொடுத்ததைத்தான் டைப் அடித்திருக்கிறான். அதனால்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை.

படிக்கணும் என்றேன். அந்த அம்மா மணியைப் பார்த்தார்கள். மாமா மெதுவாகத்தான் படிப்பார் என்று வரலட்சுமி சொன்னாள். அவர்கள் நம் வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள்.

நீ எழுதியிருந்தது இந்தப் பதினோரு வரி: இரண்டாவது போருக்குக் கம்மலைக் கழற்றிக் கொடுத்தேன். தண்ணீர் வரவில்லை. மூன்றாவது போர் வேண்டாம் என்று சொன்னேன். அதற்கு என் வீட்டுக்காரர் என்னை மண்வெட்டிக் காம்பால் அடித்தார். என்னையும் நாலு வயசுப் பிள்ளையையும் மழையில் வெளியே தள்ளிக் கதவைத் தாழ் போட்டார். தட்டினேன். திறக்கவில்லை. நாலு மாசம் கழித்து அண்ணன் கொண்டுவந்து விட்டபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே நான் பிரிந்துவிட்டேன், அதே வீட்டில் இருந்தேன்.

கடைசி வரிதான் படிக்க நேரம் பிடித்தது. எழுத்து எல்லாம் தெரிந்த எழுத்துத்தான்.

நாம் பொய் எழுதிக்கொடுத்தோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பொய் எழுதவில்லை. பொய் எழுதினது நான் ஒருவன்தான்.

மைப்பெட்டியை மூடச் சொன்னேன். பேனா வாங்கினேன். உன் எழுத்துக்குக் கீழே எழுதினேன்: "இதில் இருப்பது நிஜம். கூட இருக்கிறோம் என்று நான் மனுவில் எழுதினது பொய். கோவர்த்தனன்." கவர்மெண்டு காகிதத்தில் என் முதல் கையெழுத்தைப் பென்ஷன் வாங்கப் போடவேண்டும் என்று மூன்று மாசம் பலகையில் எழுதிப் பழகினேன். அது இந்தக் காகிதத்தில்தான் விழுந்தது.

அந்த அம்மா வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்கள். உன் பென்ஷன் நிற்காது. போகும்போது ஒன்று சொன்னார்கள். நீ இங்கே வந்து என்னோடு இருந்தால் நிற்குமாம். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்கவில்லை.

வரலட்சுமி இன்னும் என்னோடு பேசவில்லை. முதல் தேதி வருவாள், வந்துதான் ஆகவேண்டும்.

கோவர்த்தனன்


திருச்சானூர்
24-9-2023

சாயி நைனாவுக்கு,

படித்தேன்.

கவர்மெண்டுக்கு எழுதிவிட்டீர்கள். என் எழுத்துக்குக் கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். மறுநாளே அதை ஒரு பைலில் வைத்துக் கட்டியிருப்பார்கள். எனக்கு நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு எழுதியதெல்லாம் அந்த அம்மா என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான். என் பதினோரு வரியையும் எனக்கே திருப்பி எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குத் தெரியும்.

நல்லவர் ஆகிவிட்டார் என்று நம்பி நான் மூட்டை கட்டுவேன் என்று யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? எனக்கு அந்தச் சந்தேகமும் வருகிறது. வந்தால் காசு நிற்கும் என்று நீங்களே எழுதியிருப்பதால் பாதி நம்புகிறேன்.

கதவுக்கு வெளியே நடந்தது எனக்குத் தெரியும். நான் அங்கேதான் இருந்தேன். உள்ளே என்ன நடந்தது என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. தூங்கிவிட்டீர்களா? மழைச் சத்தத்தில் கேட்கவில்லையா? அப்படி இருக்கும் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதை எழுதுங்கள். சடங்குக் கதை வேண்டாம்.

செங்கம்மா


கீழப்பட்டு
1-10-2023, ஞாயிறு

செங்கம்மாவுக்கு,

இன்று முதல் தேதி. உனக்கும் வந்திருக்கும். வரலட்சுமி வந்தாள். கண்ணைக் காட்டினேன். காசைக் கையில் வைத்துவிட்டு, "சாப்ட்டியா மாமா" என்று கேட்டாள். அதுவே எனக்குப் போதும்.

முதல் கடிதத்தில் என் எழுத்துக்காகப் பொறுத்துக்கொள் என்று கேட்டேன். இந்தக் கடிதத்துக்கு அப்படிக் கேட்கவில்லை. இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

நான் தூங்கவில்லை. மழைச் சத்தத்தில் கேட்காமலும் இல்லை.

தாழ் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். நீ கிண்டி வைத்த களி சட்டியில் இருந்தது. சூடு ஆறவில்லை. கீரையும் கடைந்து வைத்திருந்தாய். தட்டில் போட்டுக்கொண்டு கதவுக்கு நேராக உட்கார்ந்தேன். நீ தட்டினாய். நான் ஒரு உருண்டை தின்றேன். மறுபடி தட்டினாய். இன்னொன்று தின்றேன். பசியால் தின்னவில்லை. கையை வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்புறம் நீ தட்டுவதை நிறுத்திவிட்டாய். சாயி மட்டும் "நைனா" என்று கூப்பிட்டான். ஒரு தடவைதான். நீ அவன் வாயைப் பொத்தியிருப்பாய் என்று நினைக்கிறேன். கதவின் அடியில் உன் கால் தெரிந்தது. மழைத் தண்ணீர் அதைச் சுற்றி ஓடியது. பிறகு கால் இல்லை.

தட்டைக் கழுவி வைத்தேன். சட்டியில் மிச்சம் இருந்த களியை மூடி வைத்தேன், நீ வந்தால் தின்பாய் என்று. மறுநாள் புளித்துப் போயிருந்தது. அதை மாட்டுக்குப் போட்டுவிட்டு, டீக்கடைக்குப் போய், அண்ணன் மகளுக்குச் சடங்கு என்று சொன்னேன்.

இதுவரைக்கும் ஒருவரிடமும் சொன்னதில்லை. என் வாயால் வந்திருக்காது. கை மெதுவாகப் போவதால் வந்துவிட்டது.

வா என்று எழுதமாட்டேன். மாத்திரையை நிறுத்தாதே. மழைக்காலம் வருகிறது, முட்டி நோகும்.

ஏன் எழுந்து திறக்கவில்லை என்று அடுத்து நீ கேட்பாய். அது எனக்குத் தெரியும், ஆனால் இன்னும் எழுத வரவில்லை. இன்று இதற்கே விரல் மரத்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து அதை எழுதுகிறேன். நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும் திங்கள்கிழமை தபாலில் சேர்த்துவிடுவேன்.

கோவர்த்தனன்